அரிசியை விலக்கிய மருத்துவரும் ரொட்டியை விலக்கிய மருத்துவரும்



இலக்கணத்தையும் இலக்கியத்தையும் இம்முறை சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு நோயின் வரலாற்றை எழுத முற்படுகிறேன். சீலியாக் என்பது அதன் பெயர். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் பசைப்புரதம் சிலருடைய சிறுகுடலைப் பாழ்படுத்துவதால் வருவது. பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு ஒன்றில் இதனைப் பற்றிப் பேச்செழுந்தபோது, "அது ரொட்டி தின்னும் வெள்ளைக்காரர்களுக்கு வருகிற நோய் அல்லவா? சோறு தின்னும் நமக்கென்ன?" என்று ஒரு தந்தை வினவினார். அவ்வினாவில் பொருள் இல்லாமல் இல்லை. ஆயினும் ஒரு சொல்லில் விடை கூற இயலாது. ரொட்டியா, சோறா, குற்றவாளி எது என்னும் அதே வினாவில் மருத்துவ உலகமே அறுபது ஆண்டுகளுக்கு மேல் தடுமாறி நின்றது. அக்கதையை அறிந்தால் விடை தானே விளங்கும்.

முதலில் நோயின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். ரொட்டி சானாய் போடுபவர் மாவு உருண்டையை விசிறி வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். கைக்குட்டைபோல் விரிந்தும் அது கிழியாமல் இருப்பதற்குக் காரணம் குளூட்டன்தான். அரிசி மாவை அவ்வாறு வீச முடியாது. வீசிப் பார்த்தால் கடைக்காரர் கூரையைத்தான் கழுவ வேண்டியிருக்கும். இந்தப் பசைப்புரதம் நம் வயிற்றில் முழுதாகச் செரிப்பதில்லை. சிறு துண்டுகள் எஞ்சி நிற்கின்றன. பெரும்பாலோருக்கு அவற்றால் தீங்கில்லை. குறிப்பிட்ட மரபணு அமைப்பு உடையோரில் சிலருக்கு மட்டும், உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு அத்துண்டுகளைப் பகையெனக் கருதிப் போர் தொடுக்கிறது. அப்போரில் சிதைவது சொந்தக் குடலே. சிறுகுடலின் உட்சுவரில் கம்பளத்தின் இழைகள்போல் அடர்ந்திருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிவிடுகின்றன. உணவின் சத்தை இரத்தத்தில் சேர்ப்பவை அவைதாம். எனவே குழந்தை வயிறார உண்கிறது. உடலுக்கோ ஒன்றும் சேர்வதில்லை.

பெயர் மிகப் பழையது. கி.பி. முதலாம் அல்லது இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவராகக் கருதப்படும் கப்படோசியாவின் அரிட்டேயஸ் என்னும் கிரேக்க மருத்துவர், உண்டது செரியாமல் கழிந்து உடல் நலியும் ஒரு நிலையை விவரித்தார். வயிற்றைக் குறிக்கும் 'கொய்லியா' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. அவர் கண்ட நோயாளிகள் எல்லாரும் நாம் பேசும் நோயால் துன்புற்றவர்களா என்பது வேறு வினா. அவருடைய நூல் 1856ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதற்குப் பின்னரே இங்கிலாந்து மருத்துவரிடையே அப்பெயர் புழங்கலாயிற்று.

1887ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், இலண்டன் மாநகரில் கிரேட் ஓர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனையில் சாமுவேல் கீ என்பவர் ஓர் உரை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டில் அது அச்சேறியது. இந்நோயைப் பற்றிய நவீன வரலாறு அவ்வுரையில்தான் தொடங்குகிறது. ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளிடம் இது மிகுதி என்றார். மலம் வெளிறியும் நுரைத்தும் கடும் நாற்றத்துடனும் அளவில் மிகுந்தும் போகும், கைகால் மெலியும், வயிறு மட்டும் பருக்கும், வளர்ச்சி நிற்கும் என்றெல்லாம் அவர் வரைந்து காட்டிய சித்திரம் இன்றும் பிழையற்றது. நுண்ணோக்கியோ இரத்தச் சோதனையோ துணையில்லாத நிலையில் வெறும் கண்ணால் கண்டு எழுதியது அது. அதனினும் பெரிது, இந்நோயாளி குணமடைய வழியுண்டெனில் அது உணவின் வழியே அமைய வேண்டும் என்று அவர் துணிந்து கூறியது.

வழியைச் சரியாகக் கண்டவர், பொருளில் தவறினார். மாவுச்சத்து மிகுந்த உணவு ஆகாது எனக் கருதி, அரிசியையும் சவ்வரிசியையும் சோள மாவையும் அவர் விலக்கினார். (அந்நாளில் சிங்கப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய பண்டங்களில் சவ்வரிசியும் ஒன்று என்பதை இங்கே நினைவுகூரலாம்.) அவற்றுக்கு மாறாக அவர் அனுமதித்தவை எவை? மெல்லியதாக அறுத்து இருபுறமும் நன்கு வாட்டிய ரொட்டி. மால்ட் சேர்ந்த உணவு. மால்ட் என்பது முளைகட்டிய பார்லி. அதாவது, குற்றமற்ற அரிசி வெளியேற்றப்பட்டது. குடலைக் கெடுக்கும் கோதுமையும் பார்லியும் மருந்துபோல் தட்டில் வைக்கப்பட்டன.

கீயின் உரையில் வரும் ஒரு குழந்தையின் செய்தி என் மனத்தில் தங்கிவிட்டது. நாள்தோறும் மிகுதியான சிப்பியிறைச்சி உண்ட அக்குழந்தை வியக்கத்தக்க வகையில் தேறியதாம். சிப்பி கிடைக்கும் பருவம் முடிந்ததும் நோய் திரும்பிவிட்டது. அடுத்த பருவத்தில் அக்குழந்தை சிப்பியை வாயில் வைக்கவும் மறுத்துவிட்டது. சிப்பியில் மருந்து ஏதும் இல்லை. சிப்பியால் வயிறு நிறைந்தபோது ரொட்டிக்கு இடமில்லாமற் போயிருக்கும், அவ்வளவுதான். விடை அவர் கண்முன்னே ஒரு பருவம் முழுவதும் இருந்து, பின் மறைந்துவிட்டது.

அதற்குப் பின் அமெரிக்காவில் கிறிஸ்டியன் ஹெர்ட்டர் என்பவர் 1908இல் இந்நோயைப் பற்றி ஒரு நூல் எழுதினார். குடலில் வாழும் கிருமிகளே காரணம் என்பது அவர் கருத்து. நீண்ட காலம் 'கீ-ஹெர்ட்டர் நோய்' என்றே இது அழைக்கப்பட்டது.

1924ஆம் ஆண்டில் நியூயார்க் குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவை அறிவித்தார். ரொட்டி, பிஸ்கட், உருளைக்கிழங்கு, தானியங்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு வாழைப்பழத்தை மிகுதியாகக் கொடுத்தார். சாகும் தறுவாயில் வந்த குழந்தைகள் பிழைத்தன. பெற்றோர் அவரைத் தெய்வமாகக் கருதினர் எனில் வியப்பில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வாழைப்பழமே இந்நோய்க்குச் சிறந்த சிகிச்சையாக விளங்கிற்று. சிப்பியின் கதையேதான் இதுவும். குணப்படுத்தியது பழம் அன்று, கோதுமை இல்லாமையே. ஆயினும் பழத்துக்கே புகழ் போயிற்று. அதனால் ஒரு கேடும் விளைந்தது. குழந்தை தேறியதும் நோய் நீங்கிவிட்டது எனக் கொண்டு மீண்டும் ரொட்டி கொடுக்கலாம் என நம்பினர். கோதுமை உள்ளே புகுந்ததும் குடல் மறுபடியும் தேயத் தொடங்கும். வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். உண்மைக் காரணத்தை அறியாமல் பலனை மட்டும் கண்டு மகிழ்வதில் உள்ள இடர் இதுதான்.

இனி நம் கதைத்தலைவருக்கு வருவோம். வில்லெம் கரெல் டிக்கே 1905ஆம் ஆண்டு நெதர்லாந்தில் பிறந்தவர். முப்பது வயதைக் கடந்த சிறிது காலத்திலேயே, 1936இல், ஹேக் நகரில் உள்ள யூலியானா குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை மருத்துவரானார். சீலியாக் குழந்தைகள் அங்கே மாதக்கணக்கில் தங்கியிருந்தனர். ரொட்டியை நிறுத்தினால் தன் குழந்தை தேறுகிறது, ரொட்டி கொடுத்தால் மீண்டும் மோசமாகிறது என்று ஒரு தாய் அவரிடம் கூறியதாக அவரைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுகின்றனர். படித்த மருத்துவர் பலர் தவறவிட்டதை வீட்டில் சோறூட்டும் ஒருத்தி கண்டுகொண்டாள். அதைக் கேட்டுத் தள்ளிவிடாமல் சோதித்துப் பார்க்கத் துணிந்ததே டிக்கேயின் பெருமை என்பேன். 1941ஆம் ஆண்டில், கோதுமையற்ற எளிய உணவைப் பரிந்துரைத்து டச்சு மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். நாடு அப்போது செருமானியர் பிடியில் இருந்தது. டச்சு மொழிக் கட்டுரையை வெளியுலகில் எவர் படித்திருப்பர்?

பிறகு வந்தது 1944. அவ்வாண்டு செப்டம்பரில் டச்சு இரயில்வே ஊழியர்கள் நேச நாடுகளுக்குத் துணையாக வேலைநிறுத்தம் செய்தனர். பழிவாங்கும் பொருட்டு, மேற்கு நெதர்லாந்துக்கு உணவு செல்லும் வழியைச் செருமானியர் அடைத்தனர். குளிர்காலமும் கடுமையாக அமைந்தது. 'பசிக் குளிர்காலம்' என்று டச்சு மக்கள் இன்றும் அதைக் குறிக்கின்றனர். பங்கீட்டு உணவு நாளொன்றுக்கு 1000 கலோரிக்கும் கீழே இறங்கி, 1945இன் தொடக்கத்தில் அதிலும் பாதியாகக் குறைந்தது. சர்க்கரைக்கிழங்கையும் தூலிப் பூச்செடியின் கிழங்கையும் வேகவைத்துத் தின்றனர். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். அதே ஆண்டுகளில் மலாயாவில் அரிசி வரத்து அற்றுப்போய், நம் பாட்டன் பாட்டிமார் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்ததை வீட்டில் முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மண்ணைக் கிளறிக் கிழங்கைத் தேடிய பசி இரு நாட்டிலும் ஒன்றே.

அந்தப் பஞ்சத்தில்தான் விந்தை நிகழ்ந்தது. ஊரே மெலிந்துகொண்டிருக்க, டிக்கேயின் சீலியாக் குழந்தைகள் மோசமாகவில்லை, தேறவும் செய்தனர். ரொட்டி அரிதாகிவிட்டது அல்லவா! போரின் முடிவில் வெளியிலிருந்து மாவும் ரொட்டியும் வரத் தொடங்கின. ஊர் மகிழ்ந்தது. அக்குழந்தைகளுக்கோ வயிற்றுப்போக்கு திரும்பியது.

இக்கதையைக் கூறுவோர் பலர், பஞ்சத்தைக் கண்டே டிக்கேக்கு ஞானம் பிறந்தது என்பதுபோல் எழுதிவிடுகின்றனர். நியூட்டனும் ஆப்பிளும்போல் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1941ஆம் ஆண்டுக் கட்டுரை இருக்கிறதே! பஞ்சத்துக்கு மூன்றாண்டுகள் முன்பே அவர் கோதுமையைச் சந்தேகித்துவிட்டார். பஞ்சம் அந்த ஐயத்தை உறுதிப்படுத்தியது, அவ்வளவே. மாணவர்களுக்கு அறிவியல் வரலாறு சொல்லும்போது இவ்வேறுபாட்டை நாம் விட்டுவிடலாகாது. மின்னல்போல் தோன்றும் கண்டுபிடிப்புகளுக்குப் பின்னால் குறிப்பேடும் தராசும் இருக்கின்றன.

தராசு என்று சொன்னது அணிக்காக அன்று. போருக்குப் பின் டிக்கே செய்த ஆய்வு முழுவதும் நிறுத்தலும் எழுதலுமே. ஒரு குழந்தைக்குக் கோதுமையை நிறுத்துவார். மாதக்கணக்கில் எடையைக் குறிப்பார். பிறகு கோதுமை மாவைச் சேர்ப்பார்; மீண்டும் குறிப்பார். எடைக்கோடு ஏறுவதும் சரிவதும் மாவு நிற்பதையும் சேர்வதையும் ஒட்டியே அமைந்தன. கோதுமையும் ரையும் தீங்கு செய்தன. அரிசியும் சோளமும் உருளைக்கிழங்கும் தீங்கு செய்யவில்லை. கோதுமையிலிருந்து பிரித்தெடுத்த தூய மாவுச்சத்தும் தீங்கு செய்யவில்லை. ஆகவே மாவுச்சத்து குற்றவாளி என்னும் பழைய கொள்கை அங்கே வீழ்ந்தது. 1950ஆம் ஆண்டு உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் இவற்றை அவர் வெளியிட்டார். சாமுவேல் கீ விலக்கிய அரிசிக்கு 63 ஆண்டுகள் கழித்து விடுதலை கிடைத்தது.

எடை மட்டும் சான்றாகுமா? வான் டி காமர் என்னும் உயிர்வேதியியலாளர், மலத்தில் கழியும் கொழுப்பை அளந்தறியும் முறையை அப்போது உருவாக்கியிருந்தார். குடல் கெட்டால் கொழுப்பு உறிஞ்சப்படாமல் வெளியேறும். அதை அளந்தால் குடலின் நிலை தெரியும். அவரும் வைஜெர்ஸ் என்னும் குழந்தை மருத்துவரும் டிக்கேயுடன் இணைந்து, தீங்கு விளைப்பது குளூட்டன்தான் என்று நிறுவினர். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் சார்லட் ஆண்டர்சன் உள்ளிட்ட ஆய்வுக் குழுவினர் அதையே சோதித்து 1952இல் உறுதிசெய்தபின் உலகம் நம்பியது. குடலுறிஞ்சிகள் மழுங்குவதை 1954இல் ஜான் பாலி என்னும் ஆங்கில மருத்துவர் அறுவை சிகிச்சையில் எடுத்த திசுக்களில் கண்டு எழுதினார். அடுத்த மூன்றாண்டுகளில் வாய்வழியே குழாய் செலுத்திச் சிறுகுடல் திசுவை எடுக்கும் முறைகள் வந்துவிட்டன. 1997ஆம் ஆண்டு செருமனியில் ஓர் ஆய்வுக் குழு, இந்நோயில் உடல் எப்பொருளைத் தாக்குகிறது என்று கண்டறிந்தது. திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்பது அந்த நொதியின் பெயர். இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் செய்யும் இரத்தச் சோதனை அக்கண்டுபிடிப்பின் பயனே. டிக்கே 1962இலேயே மறைந்துவிட்டார்.

சரி, சோறு உண்ணும் நமக்கு வருவோம்.

இந்தியாவில் கோதுமை உண்ணும் வட பகுதிகளில் இந்நோய் இருப்பது 1960களிலேயே மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. தென்னகத்தில் அரிதாகவே கண்டனர். ஆகவே இது தமிழர் உடம்புக்கு வராத நோய் என்றொரு எண்ணம் நிலவிற்று. 2016ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு அதைத் தெளிவுபடுத்தியது. வட இந்தியா, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்தனர். தெற்கே சோதனை நடந்த இடம் தமிழ்நாட்டின் வேலூர். நோய்க்குரிய எதிர்ப்பொருள்கள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேரிடம் காணப்பட்டன, தெற்கே 0.10 பேரிடம் மட்டும். இதைப் படித்ததும் "பார்த்தீர்களா, நமக்கு இல்லை" என்று சொல்லத் தோன்றும். அடுத்த வரியையும் படிக்க வேண்டும். நோய்க்கு இடந்தரும் மரபணு வடக்கே நூற்றுக்கு 38 பேரிடம். தெற்கே 36 பேரிடம். ஏறக்குறைய வேறுபாடே இல்லை. வேறுபட்டது தட்டில் இருந்த உணவு. வடக்கே ஒருவர் நாள்தோறும் உண்ட கோதுமை சராசரியாக 455 கிராம். தெற்கே 25 கிராம்.

ஆக, விதை நம் உடம்பிலும் இருக்கிறது. பாட்டன்மார் காலத்தில் அதற்கு நீர் வார்க்கப்படவில்லை. நம் பிள்ளைகளின் ஒரு நாள் உணவை எண்ணிப் பாருங்கள். காலையில் ரொட்டியோ ரொட்டி சானாயோ, கூடவே மால்ட் பானம், ஓய்வு நேரத்தில் மீ கோரேங், மாலையில் பிஸ்கட், இரவில் சில வீடுகளில் சப்பாத்தி. கோதுமை விளையாத நாட்டில் இருந்துகொண்டு முப்பொழுதும் கோதுமை உண்கிறோம். மலேசியாவில் நலமாயிருந்த 562 இளையோரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2015இல் வெளிவந்தது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவினத்தாரிடமும் எதிர்ப்பொருள் தென்பட்டது. மொத்தத்தில் நூற்றுக்கு 1.25 பேர். அது இரத்தச் சோதனை மட்டுமே. திசுச் சோதனை அன்று. எனினும் அந்தத் தந்தையின் வினாவுக்கு அதில் போதிய விடை இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற ஒரு மாணவனை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். இரண்டாம் ஆண்டில் வரிசையின் முதலில் நின்றான். நான்காம் ஆண்டிலும் அங்கேயே நின்றான். ஓய்வு நேரத்துக்குப் பின் மேசையில் தலை சாய்த்துவிடுவான். வயிற்று வலி என்று அடிக்கடி விடுப்பு. கன்னம் வெளிறியிருக்கும், வாயில் புண் மாறி மாறி வரும். பூச்சி மருந்து கொடுத்தார்கள், இரும்புச்சத்து மருந்தும் கொடுத்தார்கள், இரத்தச்சோகை தீரவில்லை. "நல்லாச் சாப்பிடுறான் டீச்சர், ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது" என்பார் அவன் தாய். தெம்பு வரட்டும் என்று காலையும் மாலையும் மால்ட் பானமும் பிஸ்கட்டும் கொடுத்துவந்தார். கீயின் உணவுப் பட்டியலை அறியாமலே அதைப் பின்பற்றியிருக்கிறார், பாவம். கடைசியில் ஒரு மருத்துவர் இந்தச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். உணவு மாறிய ஓராண்டில் பையனுக்குச் சீருடை இருமுறை மாற்ற வேண்டியதாயிற்று.

கீ வரைந்த சித்திரம்போல் எல்லாப் பிள்ளைகளும் இருப்பதில்லை என்பதைப் பெற்றோர் மனங்கொள்ள வேண்டும். சிலருக்கு வயிற்றுப்போக்கே இராது, மலச்சிக்கல்கூட இருக்கும். வளர்ச்சிக் குறை, தீராத இரத்தச்சோகை, காரணமில்லாச் சோர்வும் எரிச்சலும், பல்லின் எனாமலில் குழியும் கறையும், காலங்கடந்து பூப்படைதல், முழங்கையிலும் முழங்காலிலும் கடும் அரிப்புடன் எழும் சிறு கொப்புளங்கள் என்று பல முகங்கள் உண்டு. முதல்வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளிடமும், டவுன் குறைபாடுள்ள பிள்ளைகளிடமும், உடன்பிறந்தாருக்கோ பெற்றோருக்கோ இந்நோய் உள்ள பிள்ளைகளிடமும் வாய்ப்பு கூடுதல். ஆண்டுதோறும் பள்ளியில் எடுக்கும் உயர, எடைக் குறிப்புகளை ஒரு முறை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஓர் ஆண்டுக் குறிப்பு ஒன்றும் சொல்லாது. மூன்று ஆண்டுக் குறிப்பு பேசும்.

ஐயம் எழுந்தால் ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். கோதுமை நின்றால் எதிர்ப்பொருள் இரத்தத்தில் குறைந்துவிடும்; குடலும் ஆறத் தொடங்கும்; நோய் இருந்தும் இல்லை எனச் சோதனை காட்டக்கூடும். வழக்கம்போல் உண்ணவிட்டே சோதிக்க வேண்டும். இரத்தச் சோதனையில் அறிகுறி தெரிந்தால், குடல்நோய் மருத்துவர் உள்நோக்கிக் குழாய் வழியே திசு எடுத்து உறுதிசெய்வார். எதிர்ப்பொருள் மிகமிக உயர்ந்துள்ள சில பிள்ளைகளுக்கு அது இல்லாமலே முடிவு செய்வதும் உண்டு. இன்னொன்று: கோதுமை ஒவ்வாமை என்பது வேறு நோய். உண்ட சிறிது நேரத்தில் தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் என வருவது அது. சீலியாக்கும் இல்லை, ஒவ்வாமையும் இல்லை, ஆயினும் கோதுமை உண்டால் வயிறு உப்பி வலிக்கிறது என்போரும் உளர். அவர்களுடைய குடல் சிதைவதில்லை. மூன்றையும் ஒன்றாகக் குழப்பி, இணையத்தில் படித்ததைக் கொண்டு பிள்ளையின் உணவைக் குறைப்பது நன்றன்று.

நோய் உறுதியானால் மருந்து என்று ஒன்றில்லை. வாழ்நாள் முழுதும் குளூட்டன் இல்லாத உணவே வழி. சிறிதளவு உண்டால் பரவாயில்லை என்பது இங்கே செல்லாது. இதில் நமக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. ஐரோப்பியத் தாய் சிறப்பு ரொட்டி தேடி அலைகிறாள். நம் சமையலறையில் இட்டிலி, தோசை, இடியப்பம், புட்டு, ஆப்பம் எல்லாம் அரிசியும் உளுந்துமாகக் காலங்காலமாக இருக்கின்றன. இடர் ஒளிந்திருப்பது வேறிடத்தில். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது. சாம்பாரில் ஒரு சிட்டிகை இட்டால் போதும். கிச்சாப்பில் கோதுமை உண்டு. ரவை என்பது கோதுமையே, சேமியாவும் அவ்வாறே. மீஹூனும் கொய்த்தியாவும் அரிசியில் செய்தவைதாம், ஆனால் கிச்சாப் ஊற்றிப் பிரட்டுகின்றனர். மாமாக் கடையில் ரொட்டி சானாய் போட்ட கல்லிலேயே தோசையும் வார்க்கின்றனர். ஓட்ஸ் இயல்பில் பெரும்பாலோருக்குக் கேடு செய்யாது. வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடுவதால் தூய்மை குறிக்கப்பட்டதை மட்டுமே மருத்துவரைக் கேட்டு உண்ண வேண்டும். பொட்டலங்களில் 'காண்டும்' என்றிருந்தால் கோதுமை. 'பார்லி', 'மால்ட்' என்னும் சொற்களையும் தேடிப் பார்க்க வேண்டும். குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதைப் பொட்டலத்தில் குறிக்க வேண்டும் என்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சட்டம் உண்டு.

ஆசிரியர்களுக்கும் சில சொல்ல வேண்டும். நன்றாகப் படித்த பிள்ளைக்குப் பரிசாகப் பிஸ்கட் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அத்தகைய பிள்ளை வகுப்பில் இருந்தால் பரிசாக எழுதுகோல் கொடுங்கள். எல்லாருக்குமே எழுதுகோல் கொடுத்துவிட்டால் எவரும் தனித்துத் தெரியமாட்டார். பிறந்தநாள் அணிச்சல் வகுப்புக்கு வரும் நாளை முதல் நாளே அதன் தாய்க்குத் தெரிவித்தால், அவர் வேறு பண்டம் கொடுத்தனுப்புவார். கோதுமை மாவு பிசைந்து உருவம் செய்யும் கலைப் பாடத்தில், தோலில் பட்டால் தீங்கில்லை எனினும், கை வாய்க்குப் போகும் வயது அது. அரிசி மாவையோ களிமண்ணையோ பயன்படுத்தலாம். சிற்றுண்டிச்சாலை நடத்துநரிடம் ஒரே ஒரு தட்டையும் கரண்டியையும் தனியே வைக்கச் சொன்னால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்.

நான் சொன்ன மாணவனின் தாய் தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் வீட்டிலேயே சுடுகிறார். முறுக்கு மாவில் பெருங்காயத்தூளுக்குப் பதில் எதுவும் கலக்காத பால்பெருங்காயக் கட்டியை வாங்கி, நீரில் கரைத்துச் சேர்க்கிறார். மணம் முன்பைவிடத் தூக்கலாக இருப்பதாகவும், அண்டை வீட்டார் கேட்டு வாங்கிப் போவதாகவும் சொன்னார்.